ஒன்பதாம் தளத்துச் சாப்பாடு

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் ஒரு முடிவையாவது நானாக எடுத்துவிடுவது என்று போன மாதம் முடிவெடுத்தேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வீடு மாற்றுவதா, பெண்ணை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, இதெல்லாம் என் தகுதிக்கு மீறியவை. நான் எடுக்க நினைத்தது, இரவுச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்ற முடிவை. அதுவும் ஏழே ஏழு நாளைக்கு.

என் மச்சான் ஒரு பயணக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். தன் அக்காவின், அதாவது என் மனைவியின், கல்யாண நாளுக்காக உல்லாசக் கப்பலில் ஒரு வாரப் பயணம் ஏற்பாடு செய்திருந்தான். அக்காவுக்கு என்றுதான் சொன்னான். அறையில் இரண்டு கட்டில் இருந்ததால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். டிக்கெட்டோடு ஒரு படிவமும் வந்தது. இரவுச் சாப்பாடு எப்படி வேண்டும் என்று கேட்டு இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள். ஏதாவது ஒன்றில் டிக் செய்ய வேண்டும்.

முதல் கட்டம், ஒன்பதாம் தளத்தில் பஃபே. எப்போது வேண்டுமானாலும் போகலாம். எதை வேண்டுமானாலும் உடுத்திக்கொண்டு போகலாம். எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது கட்டம், நாலாம் தளத்தில் சாப்பாட்டு மண்டபம். கோட்டும் டையும் கட்டாயம். எட்டுப் பேர் மேஜை, ஏழு நாளும் அதே மேஜை, அதே முகங்கள். நேரம் சரியாக ஏழரை. எனக்கு ஏழரை எங்கே ஆரம்பித்தது என்று பிற்பாடு யாராவது கேட்டால் அந்தப் படிவத்தைத்தான் காட்டுவேன்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஸ்டியரிங் எப்போதும் அடுத்தவர் கையில். என் காலடியில் தனியாக ஒரு பிரேக் மட்டும் உண்டு. வீட்டில் அதுவும் கிடையாது. மத்தியானம் ஒரு மணி வகுப்புக்கும் இரண்டு மணி வகுப்புக்கும் நடுவில் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு காரிலேயே சாப்பிடுவேன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்தால், டாக்டர் எழுதிக்கொடுத்த பட்டியல் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து என்னைப் பார்க்கும். கரண்டிக்கும் என் தட்டுக்கும் நடுவில் என் மனைவியின் கை இருக்கும். "போதும்" என்று சொல்கிற உரிமை உலகத்தில் எல்லா மனிதனுக்கும் உண்டு. எனக்கு அதையும் அவளே சொல்லிவிடுவாள்.

அதனால் படிவத்தில் போட்டிருந்த பஃபே படத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. யார் கண்ணும் என் தட்டில் விழாமல், என் கையால் நானே போட்டுக்கொண்டு, எழுந்து போய் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். இந்த ஜென்மத்தில் எனக்கு மிச்சமிருந்த ஆசை இது ஒன்றுதான்.

எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் யோசனை கேட்டேன். நாள் பூராவும் பதில் பேச முடியாதவர்களோடு பேசிப் பழகியவர். எதையும் தீர்மானமாகச் சொல்வார்.

"சார், நீங்க வேணும்னு கேட்டது எதாவது இதுவரைக்கும் உங்க வீட்டுல நடந்திருக்கா?"

"இல்ல."

"வேண்டாம்னு சொன்னது?"

"எல்லாமே நடந்திருக்கு டாக்டர்."

"அப்ப மண்டபம்தான் வேணும்னு அடம் பிடிங்க. அவங்க உடனே பஃபேதான்னு ஒத்தக்கால்ல நிப்பாங்க. நீங்க மனசில்லாம விட்டுக்கொடுக்கிற மாதிரி விட்டுக்கொடுத்துடுங்க."

"உங்க வீட்டுல இது பலிச்சிருக்கா?"

"எனக்கு அவ்வளவு தைரியம் ஏது? உங்க வீட்டுல எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

அன்று மாலை அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது படிவத்தோடு போய் நின்றேன்.

"நாலாம் தளத்து மண்டபம்தான். இதுல பேச்சுக்கே இடமில்ல," என்றேன்.

"ஏங்க, உங்களுக்குச் சட்டைக் காலர் பொத்தானே ஆகாது. அங்க கோட்டுன்னு போட்டிருக்கே?"

ஆரம்பித்துவிட்டாள். பல் டாக்டர் தெய்வம். நான் குரலை உயர்த்தினேன். "பரவாயில்ல. இருபத்தஞ்சு வருஷமா எல்லாருக்கும் போட்டுட்டு, மிச்சத்தைக் கடைசியில நின்னுக்கிட்டே சாப்பிடறே. ஒரு ஏழு நாளாவது நீ உக்காரணும். ஒருத்தர் வந்து உனக்கு என்ன வேணும்னு கேக்கணும். நான் முடிவு பண்ணிட்டேன்."

வாதத்துக்குக் கனம் வேண்டுமே என்று இட்டுக்கட்டிச் சொன்னதுதான். சொல்லி முடித்த பிறகுதான் அத்தனையும் உண்மை என்று எனக்கே தெரிந்தது. மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவள் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"சரிங்க," என்றாள்.

"சரின்னா?"

"நீங்க சொன்னா சரி."

இந்த வாக்கியத்தை இதற்கு முன் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. அங்கே தரைதான் இருந்தது.

"இல்ல, உனக்குப் பஃபேதான் பிடிக்கும்னா நான் விட்டுக்கொடுக்கறேன்."

"வேண்டாங்க. எனக்காக இவ்வளவு யோசிச்சிருக்கீங்க."

"என்கிட்ட கோட்டே இல்லியே."

"தைக்கக் குடுத்துடலாம்."

"டை கட்டத் தெரியாதே."

"நான் கட்டி விடறேன்," என்றவள், பேச்சோடு பேச்சாக என் கழுத்தை அளவெடுத்தாள்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன். எப்பவும் எதிர்த்துப் பேசுவியே."

"நானா? உங்க பேச்சை நான் எப்பங்க மீறியிருக்கேன்?"

டிக்கை அவளே போட்டாள். ஒரு தடவை போட்டு, போதாது என்று அதன் மேலேயே இன்னொரு தடவையும் அழுத்திப் போட்டாள்.

கறுப்புக் கோட்டு வந்தது. பொத்தானைப் போட்டால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் பொத்தான் போட முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் மட்டும் எனக்கு இருந்தது.

கப்பலில் முதல் நாள், ஏழரை மணி. எங்கள் மேஜையில் இன்னும் மூன்று ஜோடிகள். மருந்துக்கடைக்காரர் ஒருவர், நில அளவைக்காரர் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், அவரவர் மனைவிகள். பரிமாறுகிறவர் என் மனைவியின் பக்கம் குனிந்து, "மேடம், உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவள் அதை இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள். அவர் கேட்டார். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தபோது, சரி போகட்டும், ஏழு நாள்தானே என்று எனக்கும் தோன்றியது.

அந்த எண்ணம் அடுத்த நிமிஷமே போய்விட்டது. அவள் கைப்பையைத் திறந்து டாக்டர் பட்டியலை எடுத்துப் பரிமாறுகிறவரிடம் கொடுத்தாள்.

"இவருக்கு வெண்ணெய் கூடாது, உப்பு கம்மி, கேக் அறவே கூடாது."

எனக்குப் பெரிய தட்டு வந்தது. நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மீன் துண்டு. அதைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு. அந்தக் கோட்டைச் சாப்பிடுவதா, தாண்டக்கூடாது என்று அர்த்தமா, தெரியவில்லை. பக்கத்தில் நாலு முள்கரண்டி. கரண்டிக்கு ஒரு வாய் என்று வைத்தால்கூட மீன் பற்றாது.

அதோடு விட்டாளா? மீனை நான் தேடிக்கொண்டிருந்தபோது அவள் மற்ற மூன்று பெண்களுக்கும் கதை சொன்னாள்.

"எனக்கு இதெல்லாம் தோணவே இல்லீங்க. இவர்தான் பிடிவாதம் பிடிச்சார். இத்தனை வருஷமா நீ நின்னுக்கிட்டே சாப்பிட்டது போதும், உக்காருன்னார்."

மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் கணவன்மார்களைப் பார்த்தார்கள். கணவன்மார்கள் மூவரும் என்னைப் பார்த்தார்கள். இந்தக் கடைசிப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் மாடிப்படியில் மருந்துக்கடைக்காரர் என்னை மடக்கினார்.

"சார், நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"ஏன் சார்?"

"நேத்துலேருந்து என் சம்சாரம் என்கூடப் பேசல. உங்களைப் பாத்துக் கத்துக்கணுமாம். இன்னிக்குக் காலையில காபியை நான் கொண்டுபோய்க் குடுத்தேன் சார். கல்யாணமான நாள்லேருந்து இல்லாத வழக்கம்."

நான் ஆசைப்பட்டது பஃபேதான் என்று அவரிடம் சொல்லி அழ வேண்டும்போல இருந்தது. சொன்னால் ஐந்து நிமிஷத்தில் அவர் மனைவிக்குப் போகும், ஆறாவது நிமிஷத்தில் என் மனைவிக்கு வரும். வாயை மூடிக்கொண்டேன். நல்ல கணவன் என்று பெயர் எடுத்தவனுக்கு நாலு பேரிடம் புலம்பக்கூட வழியில்லை.

மூன்றாம் நாள் பரிமாறுகிறவரைத் தனியாகப் பிடித்து மெதுவாகக் கேட்டேன். "தம்பி, படிவத்துல பஃபேன்னு டிக் போட்டவங்க மட்டும்தான் அங்க போக முடியுமா?"

"அதுக்கு எதுக்கு சார் டிக்? மண்டபத்துக்கு மட்டும்தான் பதிவு. பஃபே கப்பல்ல இருக்கற எல்லாருக்கும் உண்டு."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல் டாக்டரும் வேண்டாம், பேச்சும் வேண்டாம், ஒன்றுமே வேண்டாம். சும்மா லிஃப்டில் ஏறியிருந்தால் போதும். நானே வலியப் போய் இந்தக் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாலாம் நாள் மாலை கட்டிலில் சுருண்டு படுத்தேன்.

"வயிறு சரியில்ல. நீ போய்ச் சாப்பிட்டு வா."

அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "நெத்தி சில்லுன்னுதான் இருக்கு."

"வயித்துல கோளாறுன்னா நெத்தி எப்படிம்மா சுடும்?"

"அதுவும் சரிதான். எதாவது கொண்டு வரட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம். வெறும் வயிறா இருந்தா தானா சரியாயிடும்."

அவள் போனாள். நூறு எண்ணினேன். குதித்து எழுந்து அலமாரியைத் திறந்தேன். கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் தவிர ஒன்றும் இல்லை. மற்றதையெல்லாம் காலையிலேயே கப்பல் சலவைக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். போகட்டும், பஃபேயில் எதை வேண்டுமானாலும் உடுத்தலாம் என்றுதானே போட்டிருக்கிறது. கோட்டை மாட்டிக்கொண்டு ஒன்பதாம் தளத்துக்கு ஓடினேன்.

என்ன ஒரு காட்சி. ரொட்டியில் மட்டும் பதினோரு வகை. வறுத்த கோழி மலையாகக் குவிந்திருந்தது. கேக்குகளுக்கென்று தனி மேஜை. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக ஜனங்கள் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கோட்டில் அங்கே மொத்தம் ஆறு பேர். ஐந்து பேர் ஊழியர்கள்.

தட்டை எடுக்கக் கை நீட்டினேன்.

"தம்பி, ஸ்பூன் எங்க இருக்கு?" என்றார் ஒரு அம்மாள்.

எதிரில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நான் செய்த தப்பு அதுதான். அடுத்து ஒரு பெரியவர் தண்ணீர் கேட்டார். அவருக்குப் பின்னால் ஒருவர் கொட்டிய சூப்பைக் காட்டினார். அதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார்.

"உங்க பேட்ஜ் எங்க?"

"நான் பயணி சார்."

"முதல் வாரம் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிடும். பன்னெண்டாம் மேஜையைத் துடைங்க."

சத்தம் போட்டு மறுத்திருக்கலாம். சத்தம் போட்டால் அறை எண்ணைக் கேட்பார்கள். அறைக்கு ஆள் அனுப்புவார்கள். விஷயம் நாலாம் தளத்துக்குப் போகும். இப்படி யோசித்து முடிப்பதற்குள் பன்னிரண்டாம் மேஜை பளபளவென்று ஆகிவிட்டது. இருபத்தைந்து வருஷப் பயிற்சி. யாராவது கொஞ்சம் அதட்டிச் சொன்னால் கை தானாக வேலையை ஆரம்பித்துவிடும்.

அரை மணி நேரத்தில் நாலு மேஜை துடைத்தேன். எல்லோருக்கும் கேக் எடுத்துக் கொடுத்தேன். என் வாயில் ஒரு துணுக்கு படவில்லை. கடைசியில் மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பினார். சட்டென்று ஒரு தட்டை எடுத்தேன். இரண்டு கோழித் துண்டு, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஓரத்தில் கேக். தட்டு கனத்தது. அந்தக் கனத்தை ஒரு நொடி அனுபவித்தேன்.

"அட, இங்கயா இருக்கீங்க?"

என் மனைவிதான். பின்னால் எங்கள் மேஜை முழுவதும் நின்றது, ஆறு பேரும்.

"உங்களை அப்படி விட்டுட்டு வந்ததுல எனக்குச் சாப்பாடு இறங்கலீங்க. உங்களுக்கு வெந்நீர் வாங்கிட்டுப் போகலாம்னு மேல வந்தேன். இவங்களும் துணைக்கு வந்தாங்க." என் கோட்டைப் பார்த்தாள். தோளில் தொங்கிய துடைக்கும் துணியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் அவள் முகம் அப்படி ஆகும். பெண்கள் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா, வயித்து வலியோட வந்து எனக்காகத் தட்டு போட்டு வச்சிருக்கார்."

தட்டு என் கையிலிருந்து அவள் கைக்குப் போனது. அவள் உட்கார்ந்தாள். "எல்லாரும் உக்காருங்க. என்ன வேணும்னு இவர்கிட்டயே சொல்லுங்க. இவர் கையால போட்டா ருசியே தனி."

"எனக்கு சூப் சார். நல்லா சூடா," என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாத்தியார் ஐந்து வகை ரொட்டி கேட்டார். நில அளவைக்காரர் கோழியின் நீள அகலம் முதற்கொண்டு சொல்லி அனுப்பினார். நான் ஏழு பேருக்கும் நடந்தேன். பிறகு ஏழு பேருக்கும் இரண்டாவது தடவை நடந்தேன்.

எல்லோரும் கேக்குக்கு வந்தபோது அவள் காதருகே குனிந்தேன். "நானும் ஒரு வாய் சாப்பிடட்டுமா?"

"வெறும் வயிறா இருந்தாத்தானே சரியாகும்னு சொன்னீங்க?" என்றாள். குரலில் அவ்வளவு கரிசனம். "உங்க பேச்சை நான் மீறுவேனா? ஒரு டம்ளர் வெந்நீர் மட்டும் குடிங்க."

அதையும் நானேதான் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன்.