நான்கு ஷாக் மெஷின்கள்

"ஏனுங்க சிஸ்டர், இதுல என்னத்தங்க எழுதறது?" ஐசியு தலைமைச் செவிலியர் ராசாத்தாள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க அபிப்பிராயந்தானுங்க அக்கா. நாலு வார்டுக்கும் ஒரே மாதிரி ஷாக் மெஷின் வேணுமா, வேண்டாமான்னு" என்றாள் நர்ஸ் நிலோஃபர்.

"நீ சொன்னாச் சரி அம்மணி" என்றவர், 'தங்கள் விருப்பம்போல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பீளமேட்டிலிருந்த அந்த மருத்துவமனையில், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்கும் மெஷின்கள் நான்கு இருந்தன. நான்கும் நான்கு கம்பெனி. ஒன்றில் இயக்கும் பொத்தான் வலப்பக்கம், மற்றொன்றில் இடப்பக்கம். பொதுவானது ஒன்றே: சார்ஜ் இறங்காமலிருக்க எந்நேரமும் பிளக்கில் செருகியே வைத்திருக்க வேண்டும்.

நிலோஃபருக்கு இந்தக் கருத்துக்கணிப்பு ஒரு பிராயச்சித்தம். சென்ற மாதம், 1996 ஏப்ரல் வெயிலில், உக்கடம் தையற்காரர் மைதீன் பிச்சை ஆண்கள் வார்டில் இருந்தார். "காத்து ஜம்முன்னு வருதும்மா, அல்லா உன்னை நல்லா வெப்பான்" என்று காலையில்தான் சிரித்திருந்தார். மதியம் அவர் இதயம் தடுமாறியது. ஐசியுவில் பழகிய நிலோஃபரின் கை வலப்பக்கமே தேடியது. பிறகு இடப்பக்கம் அழுத்தியும் ஒரு விளக்குகூட எரியவில்லை. தன் கைதான் அவரைக் கொன்றது என்று அவள் நம்பினாள். தையல் மெஷின் சத்தம் கேட்கும் தெருக்களில் அவள் நடப்பதை விட்டுவிட்டாள். இன்னொருத்தியின் கை இப்படித் தடுமாறக் கூடாது. அவ்வளவுதான் அவள் வேண்டியது.

முப்பத்தெட்டுப் படிவங்கள் திரும்பின. முப்பத்தெட்டிலும் 'தங்கள் விருப்பம்போல்'.

"இது கருத்தாம்மா? கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்குது. நேர்ல கேளுங்க" என்றார் தலைமை மருத்துவர் ராமுலு.

நேரில் கேட்டாள். மரியாதை போய்க் கருத்து வந்தது.

"எங்க மெஷினையே எல்லாத்துக்கும் வெச்சுப்போடுங்க" என்றார் ராசாத்தாள்.

"அதுங்களா? ஆட்டுக்கல்லாட்டம் கனக்குது. தூக்கிட்டு ஓடறதுக்குள்ள நமக்கே ஷாக் குடுக்கோணுமுங்க!" என்றாள் பெண்கள் வார்டு இனியா.

"உங்குளுது மட்டும் என்னவாம்? ரேடியோப் பொட்டி!"

சமாதானத்துக்காக, இயக்கும் பொத்தான்களில் நிலோஃபர் சிவப்புத்தாள் ஒட்டினாள். ஆளாளுக்கு உதவி செய்ததில், மறுநாள் நிறுத்தும் பொத்தான்களும் சிவந்திருந்தன.

முடிவில், ஆண்கள் வார்டில் காலியாக இருந்த மூன்றாம் கட்டிலருகே, அங்கிருந்த மெஷினைச் சுற்றிக் கூட்டம் நடந்தது. மீண்டும் ஆட்டுக்கல், மீண்டும் ரேடியோப் பொட்டி.

நிலோஃபர் தயக்கத்துடன் எழுந்தாள். "மன்னிச்சுக்குங்க. இந்தக் கட்டில்ல இருந்தவரு, என் கை பக்கம் மாறுனதாலதான் போயிட்டாருங்க."

ராசாத்தாள்தான் முதலில் கையைத் தூக்கினார். பிறகு இனியா. பிறகு எல்லோரும்.

"ஒரே மாதிரியே வாங்கிரலாம்" என்ற ராமுலு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு மாதத்துக்குப் பின் நிலோஃபருக்கு மூச்சு சீராக வந்தது.

"வேர்க்குது சின்னான், அந்த டேபிள் ஃபேனைப் போடப்பா" என்றார் ராமுலு.

வார்டு உதவியாளர் சின்னான் குனிந்து, மெஷினின் வயரைப் பிடுங்கினார்.

"இருக்கறது ஒரு பிளக்குதானுங்களே சார், அன்னைக்கு பாய்க்கு வேர்க்குதுன்னு அம்மணி சொன்னப்பவும் இதைப் புடுங்கிப்போட்டுத்தானுங்க ஃபேனை மாட்டுனேன், ரெண்டு நாளும் நிக்காம ஓடுச்சுங்க."