கோரின் ஹாஸ்கெல் காலமானார்

“கோரின், நீங்க உயிரோட இருக்கீங்களா?” என்று ஏஜென்ட் ஹெர்ஷல் தொலைபேசியில் கேட்டபோது, கோரின் ஹாஸ்கெல் ஓட்ஸ் கஞ்சியில் உலர்ந்த திராட்சையைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“இப்போதைக்கு இருக்கேன். ஏன், வேலை ஏதாவது வந்திருக்கா?”

வேலை வரவில்லை. ஏற்கெனவே வந்திருந்த வேலையும் கைநழுவிக்கொண்டிருந்தது. கோரின் ஹாஸ்கெல் என்ற பழைய சினிமா நடிகை ஆரிகன் மாநிலத்தில் தூக்கத்திலேயே காலமானார் என்று அங்கே ஓர் உள்ளூர்ப் பத்திரிகை போட்டிருக்கிறது. அதை ஒருவன் இணையத்தில் ஏற்றியிருக்கிறான். இங்கே பர்பாங்க் நகரம் பல் தேய்த்து முடிப்பதற்குள் கோரினின் முகம் எல்லாத் தொலைக்காட்சியிலும் கறுப்புக் கட்டத்துக்குள் போய்விட்டது. அடுத்த வாரம் தொடங்கவிருந்த தொடரின் தயாரிப்பாளர்கள் ஹெர்ஷலைக் கூப்பிட்டு அனுதாபம் தெரிவித்துவிட்டு, அவனிடம் வேறு கிழவி யாராவது இருக்கிறார்களா என்றும் விசாரித்துவிட்டார்கள்.

அந்தத் தொடர் சாதாரண விஷயமில்லை. அறுபது வருஷமாக நடிக்கும் கோரின், நீதிபதியாக, மடத்துத் தலைவியாக, கொலை நடந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரியாக வந்து போயிருக்கிறாள். மாடிப்படியில் தள்ளியும் தேநீரில் விஷம் கலந்தும் தலையணையால் அமுக்கியும் அவளை எத்தனையோ பேர் கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் முதல் விளம்பரம் வருவதற்கு முன்பே. கடைசிவரை உயிரோடிருக்கும் வேஷம் இப்போதுதான் முதல்முறையாகக் கிடைத்திருந்தது. திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பொல்லாத தாய். மகன்களையெல்லாம் ஆட்டி வைப்பவள்.

“ஆரிகன்ல எந்த ஊராம்?” என்று கோரின் கேட்டாள்.

“ஏதோ கடலோர ஊர். உங்க பேர் வச்சிருந்த வேற எந்தப் பொம்பளையோ. அதை விடுங்க, உடனே மறுப்புக் குடுக்கணும்.”

கோரின் கரண்டியை வைத்துவிட்டாள். எதிர்முனையில் ஹெர்ஷல் இரண்டு முறை ஹலோ சொன்னான்.

“தூக்கத்துலயேவா போயிட்டா?”

“அப்படித்தான் போட்டிருக்கான்.”

“ஹெர்ஷல், நான் கொஞ்ச நாள் செத்தே இருந்துக்கறேனே. யாருக்கு என்ன நஷ்டம்?”

ஹெர்ஷலுக்கு இது பிடிபடவில்லை. காலமான அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்து சேர்ந்தவை ஒரு அலுவலகம், ஒரு கிழிந்த சோபா, ஒரு கோரின். மற்ற இரண்டையும்விட இவள் அதிகம் பாடுபடுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு, கேமராவோடு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அவன் வருவதற்குள் கதவு தட்டப்பட்டது. அடுத்த வீட்டு ஆர்மீனியப் பெண் அராக்ஸி, கறுப்பு முக்காடும் கையில் ஒரு தட்டு டோல்மாவுமாக நின்றிருந்தாள். கதவைத் திறந்தது கோரினே என்று கண்டதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு தட்டையும் கோரினையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“செத்த வீட்டுக்குன்னு செஞ்சதைத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க. நீங்களே வாங்கிக்குங்க,” என்றாள்.

தன் சாவுக்கு வந்த சாப்பாட்டைக் கோரின் சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். வெளியே பாலைவனத்திலிருந்து வரும் சூடான காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று அடிக்கும் நாட்களில் பர்பாங்க்கில் நாய்கள் காரணமில்லாமல் ஊளையிடும். இலைக்குள் பொதிந்த சோறு என்னவோ ருசியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் இருந்ததால் பாதியில் மூடி வைத்துவிட்டாள்.

ஹெர்ஷல் வந்து அன்றைய செய்தித்தாளை அவள் கையில் கொடுத்து, தலைப்பு தெரியும்படி பிடிக்கச் சொல்லி வீடியோ எடுத்தான். கடத்தப்பட்டவள் மாதிரி இருக்கிறது என்று கோரின் முனகினாள். அது மாலைக்குள் ஊரெல்லாம் சுற்றியது. யாரும் நம்பவில்லை. இந்தக் காலத்தில் கணினியை வைத்து எந்தப் பிணத்தையும் பேச வைக்கலாம் என்றார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஒருவன் காதைப் பிடித்துக்கொண்டான்.

கோரினின் முதல் படம் ஒரு பேய்ப்படம். கல்யாண உடுப்போடு ஏரியில் மூழ்கிப் போன மணப்பெண் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி வந்து சிரிப்பாள். இன்னமும் வருஷா வருஷம் ஹாலோவீனுக்கு அதைப் போடுகிறார்கள். அந்த மணப்பெண்ணின் காதையும் வீடியோவில் உள்ள காதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான் அவன். ஏரிக்காரிக்குக் காது மடல் தொங்கியது. இவளுக்குக் கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

ஹெர்ஷல் தயக்கத்தோடு கோரினின் காதைப் பார்த்தான்.

“வயசானா எல்லாம் ஒட்டிக்கும்டா. போய் வேலையைப் பாரு,” என்றாள் கோரின். ஆனால் அன்றிலிருந்து காதை மறைத்துத் தலையில் துணி கட்டிக்கொண்டாள்.

மறுநாள் குடியிருப்பின் வாசல் பூவால் நிரம்பியது. கூடவே மணப்பெண்களும் வந்தார்கள். அந்தப் பேய்ப்படத்தின் ரசிகர்கள் வெள்ளை உடுப்பு அணிந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அஞ்சலி செலுத்த வந்திருந்தார்கள். ஆண்களும் இருந்தார்கள், ஒருவருக்குத் தாடிகூட இருந்தது. கோரின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சுடுகாற்றில் அத்தனை ஈர உடுப்புகளும் மெல்ல மெல்ல உலர்ந்துகொண்டிருந்தன.

நேரில் போய்ச் சொல்லிவிட்டால் கலைந்துவிடுவார்கள் என்று ஹெர்ஷல் யோசனை சொன்னான். கோரின் இறங்கிப் போய், நான்தான் கோரின், எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று கேட்டுக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. இதுவரை வந்த வேஷங்களிலேயே இவள்தான் பரவாயில்லை என்று பேசிக்கொண்டார்கள். தாடிக்கார மணப்பெண் மட்டும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பெருந்தன்மையாக ஒரு திருத்தம் சொன்னார்.

“நடைதாம்மா உதைக்குது. கோரின் நடந்தா வலது தோள் முன்னாடி வரும். படத்தைத் திரும்ப ஒரு தடவை பாருங்க.”

கோரின் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் தோளுக்கு மேலே, தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஜக்கரண்டா மரத்தடியில், சாதாரண கால்சட்டையும் சட்டையும் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். வேஷமில்லை, ஈரமில்லை. ஆனால் அந்த அகன்ற நெற்றியும், ஒன்றோடொன்று லேசாகச் சேராத அந்தக் கண்களும் ஏரியிலிருந்து எழுந்து வந்த முகத்துக்கே உரியவை. அறுபது வருஷத்துக்கு முந்தைய முகம், ஒரு நாள்கூட மூப்பில்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு வலது தோள் முன்னால் வர, அவளை நோக்கித் தெருவைக் கடக்கத் தொடங்கியது.

கோரின் திரும்பி நடந்தாள். அந்த வயதில் அதை ஓட்டம் என்றுகூடச் சொல்லலாம். கதவைத் தாழிட்டு, ஒரு நாற்காலியையும் சாய்த்து வைத்தாள். கீழே மணி அடித்தது, விட்டுவிட்டு மறுபடி அடித்தது. அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சத்தம் கேட்காதபடி உட்கார்ந்துகொண்டாள். அராக்ஸிதான் அப்புறம் வந்து, யாரோ ஒரு பெண் உங்களைக் கேட்டாள், நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன் என்றாள். அதற்கு அந்தப் பெண், எனக்குத் தெரியும் என்றாளாம்.

“அதைச் சொல்றப்ப அழுதாங்க,” என்றாள் அராக்ஸி. “எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு.”

காலை நிகழ்ச்சியில் நேரலையாக உட்கார்ந்தால் எந்தக் கணினியும் குறுக்கே வராது என்பது ஹெர்ஷலின் அடுத்த ஏற்பாடு. கோரின் மாட்டேன் என்றாள். திராட்சைத் தோட்டத்து வேஷம் வேண்டுமா வேண்டாமா என்று அவன் கேட்டதும் காரில் ஏறினாள். அந்த வேஷத்துக்காக அவள் பேயோடும் சண்டை போடத் தயாராக இருந்தாள், வெளிச்சம் நன்றாக இருந்தால்.

ஒப்பனை அறையில் வெளிச்சம் நன்றாகவே இருந்தது. கண்ணாடியைச் சுற்றிலும் பல்புகள். ஒப்பனைக்காரர் அவளுடைய தலைத்துணியை அவிழ்க்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தபோது, கண்ணாடியில் அவள் முகத்துக்குப் பின்னால், வாசலில், அந்த முகம் தெரிந்தது. கிழ முகமும் இளமுகமும் ஒரே கண்ணாடிக்குள் இருந்தன. அது ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. கோரின் கண்ணை மூடித் திறந்தபோது வாசல் காலியாக இருந்தது.

அங்கே யார் நின்றது என்று கேட்டாள். அவர் பவுடர் பஞ்சோடு திரும்பிப் பார்த்துவிட்டு, யாருமில்லையே என்றார். கொஞ்சம் தண்ணீர் தரட்டுமா என்றும் கேட்டார். தண்ணீர் என்றதும் கோரின் வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினாள்.

நிகழ்ச்சியை நடத்தியவள் இனிமையானவள். சந்தேகத்தை ஒரு நொடியில் தீர்த்துவிடலாம் என்று சொல்லி, அந்த ஏரிக் காட்சியைப் பெரிய திரையில் போட்டாள். மணப்பெண் கரையேறிச் சிரித்தாள். தொண்டையின் அடியில் கரகரவென்று தொடங்கி, மேலே போகப் போகக் குழந்தைச் சிரிப்பாக மாறி, சட்டென்று அறுந்து போகும் சிரிப்பு.

“எங்களுக்காக அதை ஒரே ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்களேன்.”

பேட்டி எடுக்க வந்த அத்தனை பேரும் அறுபது வருஷமாகக் கேட்டு, கோரின் ஒருமுறைகூடச் செய்யாத காரியம் அது. அந்தப் படத்தைத் தனக்குப் பிடிக்காது என்று சொல்லியே தட்டிக் கழித்து வந்திருந்தாள். இன்று தட்ட முடியவில்லை. கேமராவுக்குப் பின்னால் ஹெர்ஷல் இரு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். கோரின் சிரித்தாள். அது இருமலாகப் புறப்பட்டு விக்கலில் முடிந்தது.

அன்று மத்தியானமே செய்தி வந்துவிட்டது. காலமான நடிகையின் பெயரில் மூதாட்டி மோசடி. தயாரிப்பாளர்கள் ஹெர்ஷலிடம் கடைசியாக ஒன்று சொன்னார்கள். சனிக்கிழமை மதியம் ஒரு பழைய திரையரங்கில் அஞ்சலியாக அந்தப் பேய்ப்படத்தைத் திரையிடுகிறார்கள். படம் முடிந்ததும் கோரின் மேடையேற வேண்டும். அந்த ரசிகர்கள் ஒப்புக்கொண்டால் சரி. இல்லாவிட்டால் வேறு கிழவி தயார்.

சனிக்கிழமை கோரின் பின்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். முன்னால் வரிசை வரிசையாக மணப்பெண்கள். அவர்கள் உடுப்பிலிருந்து தரையில் சொட்டுகிற சத்தம் நிற்கவேயில்லை. விளக்கு அணைந்தது. அந்தப் படத்தை முழுசாக அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை. என்ன அழகு அந்தப் பெண், என்று அவளுக்குத் தோன்றியது. எவ்வளவு சின்னப் பெண். எதற்கோ பயந்தவள்போல் ஒவ்வொரு காட்சியிலும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதை ஏன் யாருமே கவனிக்கவில்லை?

ஏரிக் காட்சி வந்தது. திரையில் மணப்பெண் சிரித்தாள்.

கோரினுக்குப் பக்கத்து இருக்கையிலும் யாரோ சிரித்தார்கள். அதே கரகரப்பு, அதே குழந்தைத்தனம், அதே இடத்தில் அறுந்தது.

கோரின் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. திரை வெளிச்சத்தில் கடைக்கண்ணில் அந்த நெற்றி மின்னியது. படம் முடியும்வரை அவளும் அதுவும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கு எரிந்தது. மேடையில் ஹெர்ஷல் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர் இதோ வருகிறார் என்று முழங்கி, கோரின் ஹாஸ்கெல் என்று கூப்பிட்டான். அந்தப் பெயர் காதில் விழுந்தால் எழுந்து நிற்பது அறுபது வருஷப் பழக்கம். இன்று அவள் எழவில்லை. ஹெர்ஷல் மறுபடி கூப்பிட்டான். ஈர மணப்பெண்கள் எல்லோரும் ஒரேயடியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

கோரின் கைத்தடியை ஊன்றி எழுந்தாள். மேடைப் பக்கம் திரும்பவில்லை. பின்புறம் சிவப்பு விளக்கு எரியும் வெளிவாசலை நோக்கி அடியெடுத்து வைத்தாள். திராட்சைத் தோட்டம் போனால் போகட்டும்.

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்று இருக்கும் என்று பயந்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

“என்னை மன்னிச்சுடு,” என்று கோரின் திரும்பாமலே கிசுகிசுத்தாள். “நான் போயிடறேன்.”

“ஐயோ, நீங்க எங்கே போறீங்க? வீட்டுக்கு வந்தா கதவைத் திறக்க மாட்டேங்கிறீங்க, டிவி ஸ்டேஷன்ல காவல்காரன் கையைப் பிடிச்சு வெளியே தள்றான்,” என்றாள் அந்தப் பெண் தாழ்ந்த குரலில். கண் கலங்கியிருந்தாள். “எங்கப்பாவுக்கு முழுக் கதை தெரியாது, அவர்தான் உள்ளூர்ப் பேப்பர்ல அந்தப் பேரைப் போட்டுட்டார். கோரின் ஹாஸ்கெல் எங்க பாட்டி. ‘நான் சினிமாவே வேண்டாம்னு ஓடிப்போன அன்னிக்கு, என் கவுனை மாட்டிக்கிட்டு என் இடத்துல போய் நின்னாளே என் டூப் ரூத், அவளைத் தேடிப் பிடிச்சுச் சொல்லு. அந்தப் பேரை அவளே வச்சுக்கட்டும், என்னைவிட அவளுக்குத்தான் நல்லாப் பொருந்துச்சு’ன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாங்க.”