தொதலுக்குத் தீர்ப்புச் சொன்ன பிரக்கிராசியார்

யாழ்ப்பாணப் பட்டினத்தில் இனிப்புச் செய்து விற்ற அத்தனை பேரும் மூன்றுக்குப் பயந்தார்கள்: மழை, எறும்பு, எங்கள் பிரக்கிராசியார். மழை விட்டுவிடும். எறும்புக்கு மஞ்சள் தூவலாம். மூன்றாவதற்கு மருந்தே கிடையாது.

பிரக்கிராசி என்றால் கோட்டில் வழக்குப் பேசுகிறவர். இவர் அந்தப் படிப்புப் படித்தவர் அல்லர்; அது ஊர் வைத்த பட்டம். ஒரு நொத்தாரிசின் கந்தோரில், அதாவது பத்திரம் எழுதுகிற அலுவலகத்தில், என் பக்கத்து மேசையில் இருந்து காணி உறுதி எழுதிய கிளாக்கர். வடக்கே இன்னாரின் தோட்டம், கிழக்கே ஒழுங்கை என்று வாரம் முழுக்க எழுதுவார். சனிக்கிழமை மத்தியானம் கந்தோர் பூட்டியதும் குடையை எடுத்துக்கொண்டு இனிப்புக் கடைகளை விசாரிக்கப் புறப்பட்டுவிடுவார். பெரியகடையில் மஸ்கற் அல்வாக்காரர், வண்ணார்பண்ணையில் லட்டுக்காரர், கொட்டடியில் தேங்காய்ப்பூ ரொபி போடுகிற பேக்கரி, நல்லூரில் தேங்காய்ப்பால் அல்வாமாதிரித் தொதல் கிண்டுகிற அன்னம்மாக்கா. ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு துண்டு. அடுத்த கடைக்குப் போகுமுன் வெந்நீரில் வாய் கொப்பளிப்பார். போன கடையின் சாட்சியம் இந்தக் கடை வழக்கில் கலக்கக்கூடாதாம்.

ஆள் தென்னை ஈர்க்குமாதிரி மெலிவு. இவ்வளவு சீனியும் உள்ளே போய் என்ன செய்தது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. தீர்ப்பை முதலில் கண்தான் சொல்லும். இடக்கண்ணை மூடினால் விடுதலை. இரண்டையும் மூடினால் விசாரணை நடக்கிறது. இரண்டையும் திறந்து கூரை முகட்டைப் பார்த்தாரோ, கடைக்காரர் கதை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலமை கோயில் வீதியில் அது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

ஒருமுறை மஸ்கற்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "அசல் நெய்யிலை செய்தது" என்றார்.

பிரக்கிராசியார் மென்றபடி கேட்டார்: "இது பசுவுக்குத் தெரியுமோ?"

செத்தவீட்டிலும் இந்தக் கோடு கூடும். எட்டாம் நாள் படையல் நடந்த ஓர் எட்டுச்செலவு வீட்டில், செத்தவருக்கு விருப்பம் என்று படைத்த பயற்றம் பணியாரத்தில் ஒன்றை வாயில் போட்டார். முகட்டைப் பார்த்தார். பக்கத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த மூத்த மகனின் தோளைத் தட்டி, "கவலைப்படாதையும் தம்பி. கொப்பர் குடுத்து வைச்சவர். இதைச் சாப்பிடுறதுக்கு முன்னம் போயிட்டார்" என்றார். அந்தப் பெடியன் அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல் கிணற்றடிக்கு ஓடினான்.

பிறகு மலாயாவில் றெயில்வேயில் இருந்து இளைப்பாறி வந்த பென்சன்காரர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்குச் சொக்கிளேற் காட்டப் போகிறேன் என்று கிளம்பினார். மாத்தளைப் பக்கமிருந்து கொக்கோ விதை எடுப்பித்து, வறுத்து, அம்மியில் அரைத்து, தட்டில் வார்த்து, சித்திரை மாதத்து மத்தியானத்தில் எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் போய்ச் சேருமுன் சொக்கிளேற் தட்டை விட்டுப் புறப்பட்டு மேசை விளிம்புவரை வந்துவிட்டது. பிரக்கிராசியார் கரண்டி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு இடக்கண்ணை மூடினார்.

"சரக்கு நல்லது. ஊர்தான் பிழை."

அந்த வார்த்தையில் உற்சாகம் பிடித்த பென்சன்காரர், சொக்கிளேற்றைத் தகரப்பேணியில் போட்டுக் குளிருக்காகக் கிணற்றில் கட்டித் தொங்கவிட்டார். கயிறு அறுந்தது. அந்த வீட்டார் ஒரு கிழமைக்கு மண்ணிறத் தண்ணீரில் குளித்தார்கள். பிரக்கிராசியார் நாள்தவறாமல் போய்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்து, "கிணறு நல்லாத் திருந்திக்கொண்டு வருகுது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. அன்னம்மாக்காவின் விஷயம் அப்படித் தொடங்கவில்லை.

புத்தூர்க் கமக்காரர் ஒருவர் மகளின் சீதன உறுதி எழுதுவிக்க எங்கள் கந்தோருக்கு வந்தார். ஆவணியில் கலியாணம். புகையிலைத் தோட்டம், பெரிய இனசனம், ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். போகிற போக்கில் பிரக்கிராசியாரிடம் கேட்டார்: "கலியாணத்துக்கு அன்னம்மாவிட்டைத் தொதல் சொல்லியிருக்கிறன். அவவின்ரை கை எப்பிடி?"

எங்கள் ஆள் பேனையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போனமுறை கால் மணித்தியாலம் முந்தி இறக்கிப்போட்டா. எண்ணெய் சரியாப் பிரியேல்லை."

அவ்வளவுதான். கமக்காரர் போன கையோடு ஆளனுப்பித் தொதலை வேண்டாம் என்றுவிட்டார்.

திங்கட்கிழமை காலமை அன்னம்மாக்கா கந்தோருக்கு வந்தார். கையில் தொதல் கிண்டுகிற நீண்ட மர அகப்பை. உறுதி எழுத வந்து வாங்கில் குந்தியிருந்தவர்கள் தாமாகவே வழி விட்டார்கள்.

"ஆரப்பா இங்கை பிரக்கிராசி? அரிசி இடிச்சாச்சு. தேங்காய் முத்தத்திலை குவிஞ்சு கிடக்குது. இப்ப வேண்டாமாம். என்ரை அடுப்பிலை தண்ணி ஊத்தினது நீர்தானே?"

"நான் உண்மையைத்தான் சொன்னனான், அக்கா."

"நீர் ஒரு நாளாவது அகப்பை பிடிச்சனீரோ?"

"நீதவான் கொலை செய்து பாத்தோ கொலைகாரனுக்குத் தீர்ப்புச் சொல்லுறவர்?"

கந்தோர் சிரித்தது. அன்னம்மாக்கா சிரிக்கவில்லை. அகப்பையை அவர் எழுதிக்கொண்டிருந்த உறுதிக்கு மேலேயே வைத்தார்.

"சனிக்கிழமை மத்தியானம் என்ரை வீட்டை வாரும். தாச்சியும் அடுப்பும் என்ரை. கை உம்மடை."

உள்ளறையில் இருந்த நொத்தாரிசு ஐயா கண்ணாடிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அழைப்பாணை வந்திட்டுது ஐசே. போகத்தானே வேணும்."

சனிக்கிழமை அன்னம்மாக்காவின் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. மஸ்கற்காரர் கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார். லட்டுக்காரர் முன்வரிசை. பிரக்கிராசியார் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, மாவும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் கலந்த தாச்சிக்கு முன்னால் நின்றார். முதல் அரை மணித்தியாலம், தொதல் எப்படிக் கிண்டவேண்டும் என்று எங்களுக்கு விளக்கினார். இரண்டாம் மணித்தியாலத்தில் சட்டையையும் கழற்றித் தந்தார். மூன்றாம் மணித்தியாலத்தில் பேச்சு நின்றுவிட்டது. தாச்சிக்குள் இருந்தது கூழாயிருந்து களியாகி, இப்போது அகப்பையைப் பிடித்து இழுக்கத் தொடங்கியிருந்தது.

"அடி பிடிக்குது, பிரக்கிராசியார்" என்றார் அன்னம்மாக்கா, உரலில் சாய்ந்துகொண்டு.

நான் கிட்டப் போனேன். "அண்ணை, நான் கொஞ்சம் கிண்டட்டோ?"

"வேண்டாம். வழக்கு என்ரை."

"அடி பிடிக்குது, அண்ணை."

வலக்கை ஓய்ந்து இடக்கைக்கு மாறினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, வள்ளம் வலிக்கிறவர்போல உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டினார். பிறகு அதுவும் நின்றது. சிரிக்க வந்த ஒருவரும் சிரிக்கவில்லை.

"எண்ணெய் பிரிய இன்னும் எவ்வளவு நேரம், அக்கா?"

"நீர் கிண்டுற கிண்டுக்கு ஒரு மணித்தியாலம்."

அவர் அகப்பையில் தொங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அண்டைக்கு உங்களோடை ஆர் கிண்டினது?"

"ஒருத்தரும் இல்லை. என்ரை மனிசன் தகப்பனுக்குத் தர்ப்பணம் குடுக்க ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போயிட்டார். நான் தனியத்தான்."

பிரக்கிராசியார் தாச்சியை இறக்கச் சொன்னார். தட்டில் கொட்டி ஆறும்வரை யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு கத்தியால் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். இரண்டு கண்ணும் மூடின. இரண்டு கண்ணும் திறந்தன. முற்றத்தில் முகடு இல்லாதபடியால் வானத்தைப் பார்த்தார்.

"எதிரி குற்றவாளி. அடி கருகினது. மேல் பச்சை. ஒரு மணித்தியாலம் முந்தி இறக்கினது. இறக்கினவன், கால் மணித்தியாலத்துக்கு ஊரெல்லாம் கதைச்சவன்."

அன்னம்மாக்கா வந்து ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். "என்ரை வீட்டு நாயும் தின்னாது" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு துண்டும் எடுத்தார். அதற்குப் பிறகுதான் முற்றம் சிரித்தது.

அடுத்த நாள் காலமை பிரக்கிராசியார் என்னையும் இழுத்துக்கொண்டு புத்தூருக்கு பஸ் ஏறினார். கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்க முடியாமல், வழி நெடுக என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கமக்காரர் புகையிலைக்குத் தண்ணி இறைத்துக்கொண்டு நின்றார். இவர் வரம்பில் நின்றபடியே சொன்னார்:

"தொதலை அன்னம்மாக்காவுக்கே திருப்பிச் சொல்லுங்கோ."

"அப்ப அண்டைக்கு நீர் சொன்னது பொய்யோ?"

"இல்லை. அவ கால் மணித்தியாலம் முந்தி இறக்கினது உண்மை. அதை மாத்த மாட்டன்."

"பிறகேன் இந்த வெயிலுக்குள்ளை வந்தனீர்?"

"பட்டினத்திலை தொதல் விக்கிற மற்றவை எல்லாரும் அரை மணித்தியாலம் முந்தி இறக்கிறவை. அதை நான் சொல்லேல்லை. ஒப்பிட்டுச் சொல்லாத தீர்ப்பு அரைத் தீர்ப்பு. அதோடை, அவ தனிய நிண்டு கிண்டினவ. அதை நான் கேக்கேல்லை. உங்களுக்குச் சந்தேகமெண்டால் கடைசிக் கால் மணித்தியாலம் நானே போய்க் கிண்டிக் குடுக்கிறன்."

முதல்நாள் முற்றத்தில் நடந்தது புத்தூர்வரை வந்து சேர்ந்திருந்தது. கமக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ, நீர் தாச்சிக்குக் கிட்டப் போகவேண்டாம்! தொதல் அவவுக்குத்தான், அவவுக்குத்தான்!"

ஆவணியில் அந்தக் கலியாணத்தில் தொதல் சாப்பிட்ட வாய்கள், தாலி கட்டினதைப் பற்றிக்கூட அவ்வளவு கதைக்கவில்லை. கந்தோரில் இருந்து போன எங்களுக்கு ஒரு தனித் தட்டு வந்தது. பிரக்கிராசியார் மூடின இடக்கண் திறக்க வெகுநேரம் பிடித்தது.

அதற்காக மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கவேண்டாம். மஸ்கற்காரருடைய பசு தொடர்ந்து விசாரிக்கப்பட்டது. நல்லூரில் மட்டும் நடைமுறை மாறியது. சனிக்கிழமைகளில் அங்கே ஒரு மணித்தியாலம் முந்திப் போய், அடுப்புக்குத் தேங்காய்ப் பொச்சுமட்டை தள்ளிக்கொண்டு இருப்பார். அகப்பையைத் தொட அன்னம்மாக்கா விடவில்லை.

பிறகு உலகச் சண்டைக் காலம் வந்தது. சீனிக்குக் கூப்பன். பாதிக் கடைகளில் தட்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. அந்த நாட்களில்தான் என் கலியாணம். என் மாமியார் கிடைத்த பனங்கட்டியையும் கிடைத்த மாவையும் வைத்துத் தன் கையாலேயே அதிரசம்போல அரியதரம் சுட்டிருந்தார். அதில் ஒன்றைக் கீழே போட்டால் நிலம்தான் உடையும். பிரக்கிராசியார் ஒன்றை எடுத்து வாயில் வைத்ததும் பந்தலில் பேச்சு அடங்கியது. மாமியார் சீலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

வெகுநேரம் மென்றார். கண் இரண்டும் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தன.

"எப்பிடி இருக்கு, தம்பி?" என்றார் மாமியார், மெல்ல.

"இண்டைக்குக் கோடு விடுமுறை, அம்மா" என்றுவிட்டு அவர் இன்னொன்றை எடுத்தார்.

அந்தப் பந்தலில் வந்திருந்தவர்களின் முகங்கள் அநேகமாக எனக்கு மறந்துவிட்டன. ஒரு கன்னம் வீங்க அந்த இரண்டாவது அரியதரத்தோடு போராடிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்ற அந்த மனிதரின் முகத்தை மட்டும் நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.