பிரஷ்காரன் கொண்டுபோன நாலு ஃப்ளாப்பி

பிரஷ்காரன் திருடன். என் வீட்டுக்குள் வந்து, என் மனைவி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, என்னைக் கேட்காமல் எங்கள் சமாச்சாரத்தைக் காப்பி எடுத்துக்கொண்டவன். கும்மிடிப்பூண்டி பஜார் முழுக்கத் தேடினாலும் அவனைப் போல் சந்தேகப்படத் தகுந்த ஆள் கிடைக்கமாட்டான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன் கையில் ஸ்குரூடிரைவர் இருக்க வேண்டும். இவன் சட்டைக் காலரில் இரண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷைச் செருகியிருப்பான். சொந்தப் பெயரைக் கேட்டால், "பேரு இன்னாத்துக்கு நைனா? மிஷினு ஓட்னா போதாதா?" என்பான். பெயரே சொல்லாதவனை எப்படி நம்புவது?

பெட்டியைத் திறந்ததும் மூக்கை உள்ளே விட்டு, குழம்பு ஊசிப்போய்விட்டதா என்று பார்ப்பது மாதிரி மோந்து பார்ப்பான். சிமெண்ட் கடைக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பல்லி முட்டையிட்டிருந்தது. பொரிக்கும் வரை மூடமாட்டேன் என்று பெட்டியைத் திறந்தே போட்டுவிட்டான். கடைக்காரர் கத்தினார். "புள்ளத்தாச்சிய ஊட்ட காலி பண்ணச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று இவன் திருப்பிக் கத்தினான்.

எங்கள் கம்ப்யூட்டர் ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப் போட்டது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, நாஷ்டா தின்று, ஷிஃப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாலும் யோசித்துக்கொண்டே இருக்கும். என் மனைவி ஸ்டெல்லா தபால்வழிக் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் இடம் இல்லாததால் அவள் ப்ராஜெக்ட் முழுக்க நாலு ஃப்ளாப்பியில் இருந்தது. அதைக் கொடுத்துப் பாஸானால் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. இல்லாவிட்டால் ஒரு வருஷம் வீண். வேலையும் வேறு ஆளுக்குப் போய்விடும்.

பிரஷ்காரன் வந்துவிட்டுப் போனால் இரண்டு நாள் ஓடும். மறுபடியும் படுத்துக்கொள்ளும். நல்ல பாகத்தை உருவிக்கொண்டு மட்டமானதைச் சொருகுகிறான் என்று முடிவு கட்டினேன். உள்ளே இருந்த அத்தனை பாகத்திலும் நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். அடுத்த தடவை வந்து திறந்தவன் சிரித்தான்.

"இன்னாண்ணா, பெட்டிக்கு வளகாப்பா?"

"சிரிக்காத. இன்னாத்துக்கு ஸ்லோவாவுது, அத்த சொல்லு."

பிரஷ்ஷால் ஓர் இழுப்பு இழுத்து, கறுப்புத் தூளை உள்ளங்கையில் காட்டினான். "இரும்புத் தூளு. ஒங்க கம்பெனியில பாதி ஒங்க சட்டையோட வந்து இதுக்குள்ளதான் கீது. ஃபேனு சுத்தாம சூடாவுது."

போகும்போது வைரஸ் பார்க்க வேண்டும் என்று ஸ்டெல்லாவிடம் நாலு ஃப்ளாப்பியையும் வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் சனிக்கிழமைதான் திருப்பித் தந்தான். ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டு என்ன செய்தான்? என் சந்தேகம் முற்றிப்போனது.

நான் ரோலிங் மில்லில் வேலை பார்த்தவன். தரையில் கொட்டிய இரும்புத் தூளை நாங்கள் காந்தத்தை வைத்துத்தான் வாருவோம். இதற்கு எதற்குப் பிரஷ்? ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா சர்ச்சுக்குப் போனதும், மில்லிலிருந்து கேட்டு வாங்கி வந்த காந்தத்தை எடுத்தேன். செங்கல் அளவு இருக்கும். பெட்டி, திரை என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தேன். பெட்டி மேல் அடுக்கியிருந்த ஃப்ளாப்பிகளையும் தேய்த்தேன். காந்தத்துக்குக் கறுப்பாய்த் தாடி முளைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்டெல்லா வந்து ஃப்ளாப்பியைப் போட்டாள். காலி. நாலும் காலி. திரையின் மூலையில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு. செவ்வாய்க்கிழமை ப்ராஜெக்டைக் கொடுத்தாக வேண்டும். அவள் அழவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாலாவது எனக்குத் தைரியம் வந்திருக்கும்.

காந்தம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. நேரே பிரஷ்காரன் கடைக்குப் போய், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "திருட்டு நாயே! ஃப்ளாப்பிய இன்னாடா பண்ண?" அவன் பையை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தான்.

வந்ததும் திரையிலிருந்த ஊதாத் திட்டைப் பார்த்தான். காலரிலிருந்து பிரஷ்ஷை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்கடியில் இருந்த பிளக்கைப் பார்க்கக் குனிந்தான். பிரஷ் அவன் கையை விட்டுப் பறந்துபோய் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. காந்தத்தை அங்கேதான் தள்ளி வைத்திருந்தேன். பிரஷ்ஷின் தகரப் பட்டையை அது இழுத்துக்கொண்டது.

அவன் காந்தத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னா சத்தம்?" என்று ஸ்டெல்லா சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா," என்று பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். "தப்பு எம்மேலதான். கடையில ஃப்ளாப்பிய ஸ்பீக்கர் மேல வெச்சிட்டேன். ஸ்பீக்கருக்குள்ள காந்தம் கீது. அதான் அழிஞ்சிபூட்ச்சி."

"அறிவு கீதா உனக்கு? ஒரு வருசப் படிப்புடா! இனிமே இந்த வாசப்படி ஏறாத!"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பொறுப்பே கெடையாது இவனுக்கு" என்று நானும் சேர்ந்து திட்டினேன்.

எல்லாம் ஓய்ந்ததும் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து நீட்டினான். "அன்னிக்கே காப்பி போட்டு வெச்சிக்கினேன்க்கா. நான் பாக்குற எல்லா ஊட்டுதும் வெச்சிக்கினு கீறேன். ஒண்ணும் போவல." சிடியின் மேல் 'டீச்சரக்கா' என்று எழுதியிருந்தது. அவள் அப்போது டீச்சர் ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை ப்ராஜெக்ட் போய்ச் சேர்ந்தது. ஸ்டெல்லா டீச்சரானாள். அவன் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. பஜாரில் அவன் தலை தெரிந்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். பிறகு ஒருநாள் அவன் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் தொங்கியது. நெல்லூர்ப் பக்கம் போய்விட்டான் என்றார்கள்.

ஸ்டெல்லா இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவள். இதையும் படித்துத்தான் உண்மையைத் தெரிந்துகொள்ளப் போகிறாள். எனக்குக் கிடைக்க வேண்டியதை நான் வாங்கிக்கொள்கிறேன். நீ பதில் சொல் பிரஷ்காரா. பஸ் ஸ்டாண்டில் உன்னை நாயே என்றவனுக்காக எதற்குப் பொய் சொன்னாய்? என் காதில் வந்து ரகசியமாய்ச் சொல்ல வேண்டாம். இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டி எழுது. நீ எங்கேயோ நன்றாக இருக்கிறாய் என்றாவது எங்களுக்குத் தெரியட்டும்.