கப்பல் விருந்துக்கு மாக் ஆடிட்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, ஒரு வழியாக 'மாக் ஆடிட்'டைக் கண்டுபிடித்தது.

இதன் அருமை வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்காது. வெளிநாட்டில் துணி வாங்கும் பையர் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு ஆடிட்டரை அனுப்புவார். கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் அல்ல. இவர் பார்ப்பது தீயணைப்புக் கருவி, கழிப்பறைத் தாழ்ப்பாள், தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகம். அவர் வருவதற்கு முன்னால் கம்பெனியே ஆடிட்டர் வேஷம் கட்டித் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதுதான் மாக் ஆடிட். அதாவது, உண்மையைத் தடுமாறாமல் சொல்வதற்கான ஒத்திகை. ஒத்திகை பார்க்காத உண்மை எவ்வளவு ஆபத்தானது என்பதைத் திருப்பூர் நல்லூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த நல்லூரில் கம்பெனி நடத்தும் பொங்கியண்ணன், இந்த விஞ்ஞானத்தைக் குடும்ப வாழ்க்கைக்கும் கொண்டுவந்தவர் என்ற வகையில் போற்றத்தக்கவர்.

அவருடைய மகள் தேஜஸ்ரீக்குப் பெருமாநல்லூர் திருமூர்த்தியின் மகன் ரித்தீஷின் ஜாதகம் பொருந்திவந்தது. திருமூர்த்திக்கு நாலு பனியன் யூனிட். பொங்கியண்ணனுக்கு ஒன்று. ஆகவே பொருத்தம் அமோகமாக இருந்தது. பாக்கி, பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோயிலில் பார்க்கலாம் என்றால் தீபாராதனை முடிவதற்குள் சாயப்பட்டறை வரைக்கும் சேதி போய்விடும். ஓட்டலில் பார்த்தால் பக்கத்து மேஜையில் ஒரு பங்காளி இருப்பார். எனவே இரு குடும்பமும் சிங்கப்பூரில் கிளம்பும் ஒரே உல்லாசக் கப்பலில் 'தற்செயலாக'ப் போவது என்று தீர்மானித்தார்கள்.

முதல் நாள் இரவு ஒரே மேஜையில் சாப்பாடு. பிடித்துவிட்டால் கல்யாணம். பிடிக்காவிட்டால், மீதி நாளெல்லாம் அதே கப்பலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரியவேண்டும். நடுக்கடலில் நின்றுகொண்டு, "கொஞ்சம் வேலை இருக்குதுங்க, கெளம்பறோம்" என்று சொல்ல முடியாது. அதனால் எங்கே சாப்பிடுவது, என்ன உடுத்துவது என்ற இரண்டு கேள்விகளும் தேஜஸ்ரீயின் வாழ்க்கையையே தீர்மானிக்கும் கேள்விகளாக உயர்ந்தன.

கம்பெனி மீட்டிங் ஹாலில் கூட்டம் கூடியது. தலைமை, எத்தனையோ ஆடிட்டர்களைச் சிரித்த முகத்தோடு வழியனுப்பிவைத்த ஹெச்.ஆர். மேனேஜர் முனீஸ், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். தேஜஸ்ரீ வந்திருந்தாள், ஆடிட்டர்களோடு கூடவே நடந்து இங்கிலீஷில் பதில் சொல்வது அவள் வேலை. பொங்கியண்ணனின் மனைவி சாரதாமணியும் கலந்துகொண்டார், போண்டாவோடு.

"மொதல்ல எடம்," என்றார் முனீஸ். "மேல்தளத்துல பஃபே. கீழ, உக்காந்து சாப்புடுற ஹாலு. ஏறுன அன்னைக்கி அம்புட்டுப் பேரும் பையத் தூக்கிக்கிட்டு நேரா பஃபேக்குத்தேன் போவாங்க. ஹாலு அமைதியா கெடக்கும். அதுனால நமக்கு ஹாலு."

"பஃபேல என்னப்பா குத்தம்? புடிச்சத எடுத்துக்கலாமல்ல?"

"அதுதேன் குத்தம் மொதலாளி. நீங்க புடிச்சத எடுக்குறதச் சம்பந்தி பாத்துருவாரு."

இந்தத் தொலைநோக்கை எல்லோரும் மனதாரப் பாராட்டினார்கள்.

"அடுத்தது உடுப்பு. 'ஸ்மார்ட் கேஷுவல்'னு போட்டுருக்கு. கைலி ஆகாது. காலர் வச்சது போடலாம். ரவுண்ட் நெக்கு பனியன் வேணாம்."

பொங்கியண்ணனின் முகம் வாடியது. அவர் வாழ்நாள் முழுக்கத் தைத்தது ரவுண்ட் நெக். பாதி ஐரோப்பாவின் கழுத்து அவருக்கு அத்துப்படி.

"ஏம்ப்பா, நாம தெக்கறது நமக்கே ஆகாதா?"

"தெக்கிறதுக்கு ஆகும் மொதலாளி."

எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்குக் கோட் முடிவானது. சாரதாமணிக்கு அரக்குப் பட்டு. அதைப் பற்றி அவரைக் கேட்கும் சந்தர்ப்பம் அமையவில்லை; அவர் அப்போது டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒத்திகை. முனீஸ் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிட்டரானார். "சூப்பு மொதல்ல மேடத்துக்கு. அங்க லேடீஸ் ஃபர்ஸ்ட்டு."

"அப்ப எனக்கு?"

"கடைசிலதேன்."

"அதுக்கு எதுக்குப்பா டிக்கெட்டு?" என்றார் பொங்கியண்ணன்.

கடைசியாக முனீஸ் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். கப்பலில் ஏறும்போது பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவற்றை ஸ்கேன் செய்து, தளம் தளமாகப் பிரித்து, அறை வாசலில் கொண்டுவந்து வைக்க ராத்திரி ஆகிவிடும். ஆகவே சாயங்காலம் உடுத்தும் துணி கைப்பையில் இருக்கவேண்டும். "கைப்பைய மட்டும் ஆர்ட்டயும் குடுத்துறாதீங்க மொதலாளி."

திட்டத்தில் ஓட்டையே இல்லை. ஆனால் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் யூனிஃபார்ம் போட்ட ஒரு ஆள் பொங்கியண்ணனுக்கு விறைப்பாகச் சல்யூட் அடித்தார். சல்யூட் அடிப்பவரிடம் எதையாவது கொடுத்துவிடுவது பொங்கியண்ணனின் பிறவிக் குணம். பெரிய பெட்டிகளோடு கைப்பையையும் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் அறையில் மூவரும் வந்த கோலத்திலேயே நின்றார்கள். பொங்கியண்ணன் போட்டிருந்தது பையர் வேண்டாம் என்று தள்ளிய லாட்டில் எடுத்த ரவுண்ட் நெக். நெஞ்சில் ஒரு கரடி ஸ்கேட்டிங் போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க, பேசாம பஃபேக்கே போயிரலாமுங்களா?" என்றார் கசங்கிய காட்டன் சேலையில் இருந்த சாரதாமணி.

"சம்பந்தி ஹால்ல உக்காந்துட்டேன்னு மெசேஜ் போட்டுட்டாரே."

கரடியைக் கையால் மறைத்துக்கொண்டே ஹால் வாசலுக்குப் போனார். வாசலில் நின்ற பெண் கரடியைப் பார்த்தும் சிரித்த முகத்தோடு உள்ளே விட்டாள். முதல் நாள் பாதிப் பேருக்குப் பெட்டி வந்திருக்காது என்பது கப்பல்காரர்களுக்குத் தெரியும். அதனால் அன்று ஒரு ராத்திரிக்கு மட்டும் உடை விஷயத்தில் கண்டும் காணாமல் இருப்பார்கள். உள்ளே திருமூர்த்தியும் ரவுண்ட் நெக்கில்தான் இருந்தார். அவருக்கும் யாரோ சல்யூட் அடித்திருக்க வேண்டும்.

சம்பந்திகள் கை குலுக்கவில்லை. ஒருவர் பனியனின் கைப்பகுதியை ஒருவர் இரு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்கள்.

"காம்ப்டு காட்டனுங்களா?"

"ஆமாங்க. உங்குளுது நல்லா மெத்துனு இருக்குதுங்க."

இத்தனை நெருக்கமாக எந்தச் சம்பந்திகளும் சந்தித்ததில்லை. பேச்சும் அதே தரத்தில் போனது.

"எங்கூட்டுல மருமகள்னு பிரிச்சுப் பாக்கறதில்லீங்க. மகதானுங்க," என்றார் திருமூர்த்தி.

"பெண்களுக்குச் சம வாய்ப்பு அளிப்பது எங்கள் கொள்கைங்க," என்றான் ரித்தீஷ், கண்ணை மேலே ஏற்றி யோசித்து.

பொங்கியண்ணனுக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. தன் கம்பெனிச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும் அதே வாக்கியம். அவர்கள் வீட்டிலும் மாக் நடந்திருக்கிறது. முறையான குடும்பம்.

மேஜை ஓரத்தில் திருமூர்த்தியின் மனைவி செல்லாத்தாள் உட்கார்ந்திருந்தார். வெயிட்டர் சூப்பை அவர் முன்னால் வைத்தார். அவர் அதைக் கணவர் பக்கம் தள்ளினார். வெயிட்டர் இன்னொன்று வைத்தார். அதை மகன் பக்கம் தள்ளினார். ரொட்டிக் கூடை வந்தபோது பாதி எழுந்து, பரிமாறுவதற்காக அதை ஒரு பக்கம் பிடித்தார். வெயிட்டர் மறு பக்கத்தை விடவில்லை. பன்னாட்டுக் கடல் எல்லைக்குள் சிறிது நேரம் இழுபறி நடந்தது.

"உக்காரு, அவிய பாத்துக்குவாங்க," என்றார் திருமூர்த்தி, இரண்டு சூப்பில் ஒன்றைக் குடித்தபடி.

தேஜஸ்ரீ எழுந்தாள். "அத்தை, கை கழுவிட்டு வரலாம் வாங்க."

இந்த இடத்தில் ஆடிட்டின் உயிர்நாடியைச் சொல்லிவிட வேண்டும். சுவர், கதவு, தாழ்ப்பாள் எல்லாம் பார்த்து முடித்ததும் ஆடிட்டர் ஒரு தொழிலாளியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். அப்போது ஓனர் அந்த அறையில் இருக்கக் கூடாது. எவ்வளவு பெரிய ஓனராக இருந்தாலும் வெளியே போய் நின்றுகொண்டு, உள்ளே என்ன ஓடுகிறதோ என்று நகத்தைக் கடிக்க வேண்டியதுதான்.

போன இருவரும் ஐஸ்கிரீம் உருகும்வரை வரவில்லை. ஓனர்கள் இருவரும் அதற்குள் மண்டபத்தையும் மாதத்தையும் முடிவு செய்துவிட்டார்கள்.

அறைக்குத் திரும்பியதும் தேஜஸ்ரீ சொன்னாள்: "அப்பா, இந்த எடம் வேண்டாம்."

"நாலு யூனிட்டு கண்ணு."

"இருக்கட்டும்ப்பா."

"அந்தம்மாகிட்ட அப்படி என்னத்தக் கேட்ட?"

"பெருசா ஒன்னும் கேக்கல. பசிக்குதுங்களா அத்தைன்னு கேட்டேன். சிரிச்சாங்க. எல்லாரும் சாப்ட்டு எந்திரிச்ச பொறகுதான் கண்ணு எனக்கு எறங்கும், அப்புடியே பழகிருச்சுன்னாங்க. சோத்தச் சூடாத் தின்னு வருசமாச்சாமா. அதுகூடப் பரவால்லப்பா. என் கையப் புடிச்சுக்கிட்டு ஒன்னு சொன்னாங்க."

"என்னன்னு?"

"நீ வந்துட்டயின்னா எனக்குத் தொணையாச்சு கண்ணு, நாம ரெண்டு பேருங் கடைசீல சேந்து உக்காந்து சாப்ட்டுக்கலாம்னாங்க. அவ்வளவு ஆசையாச் சொன்னாங்கப்பா."

பொங்கியண்ணன் கட்டிலில் உட்கார்ந்தார். நாலு யூனிட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் இறங்குவதைப் பார்த்தார். ஆனாலும் அவர் நியாயவான். மெல்ல மெல்ல அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கரடியும் கூடவே நிமிர்ந்தது.

"நீ பண்ணுனதுதாங் கண்ணு கரெக்ட்டு. இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு ஊடா? பொம்பளையச் சூடா ஒரு வாய் திங்க விடாம, நாலு யூனிட்டு வெச்சு என்ன பண்றது? அந்த மனுசனுக்குக் கண்ணு தெரியல போ." மனைவி பக்கம் திரும்பினார். "ஏஞ் சாரதா, நம்மூட்டுல எப்பவாச்சும் அப்படி நடந்திருக்குதா? நீயே சொல்லு உம்பிள்ளைகிட்ட."

சாரதாமணி கசங்கிய சேலைத் தலைப்பை நீவிவிட்டுக்கொண்டு கட்டிலின் மறு ஓரத்தில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"சொல்றேனுங்க. நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."