இப்பத்தான் ஆச்சுங்க

எனக்கு 'வேணும்' என்ற சொல் வாயில் வராது. எழுபத்தாறு வயதாகிறது, இன்னும் வரவில்லை. பசித்தால் 'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்பேன். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் 'அடுத்த ஸ்டாப்புல இறங்கிருவேன்' என்று சொல்லிவிட்டு, பாலக்காடு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போவேன். என்னை அப்படி வளர்த்துவிட்டார்கள். அதோடு நான் நின்றிருக்கலாம். பெற்ற பிள்ளைக்கும் அதையே கற்றுக் கொடுக்கப் போனேன் பாருங்கள், அந்தக் கதையைத்தான் என் வீட்டில் ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரு தடவை நானே எழுதிவிட்டால் பாதிப் பொய்யாவது குறையும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, நல்லேப்பிள்ளிப் பக்கம் எங்களுக்கு இரண்டு கண்டம் நெல் வயல். என் மகள் சாந்திக்கு அப்போது ஐந்து வயது. அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாண வீட்டில், இலை போடுவதற்கு முன் ஒரு அம்மாள் அவளிடம் அன்பாக, "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டார். இவள் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "இல்லீங்க. விருந்துக்குப் போறோம்ல, அதனால எங்கம்மா காலைல சோறே போடலீங்க" என்றாள். (உண்மைதான். அதுதான் வினை.) பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பாயசம் வரைக்கும் நான் தலை நிமிரவில்லை.

அன்றைக்கே முடிவு பண்ணினேன், இந்தப் பிள்ளைக்கு மட்டு மரியாதை சொல்லித் தந்துவிட வேண்டும் என்று. ஒரு மாதம் வீட்டிலேயே ஒத்திகை. நான் விருந்து வைக்கிற வீட்டு அம்மா மாதிரி நடிப்பேன், அவள் பதில் சொல்ல வேண்டும். யார் எதைக் கொடுத்தாலும், எதைக் கேட்டாலும், "வேண்டாமுங்க, இப்பத்தான் ஆச்சுங்க." இரண்டாம் தரம் கேட்டாலும் அதே. மூன்றாம் தரம் கேட்டால் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். நான் தலையாட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.

"வேணும்னா ஏம்மா வேண்டாங்கோணும்?" என்றாள்.

"அதுதான் மருவாதை."

"அவீங்க சரின்னு விட்டுட்டா?"

"விடமாட்டாங்க கண்ணு. மூணு தரம் கேப்பாங்க."

இவ்வளவு உறுதியாக நான் வேறு எதையும் அவளுக்குச் சொன்னதில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். ஒருவர் முறை முடிந்துதான் அடுத்தவர் மடை திறக்கலாம். எங்கள் முறைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. நெல்லோ கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரம். இரண்டு நாளில் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர். அந்த வருஷச் சாப்பாடே அந்த இரண்டு கண்டம்தான். வாய்க்காலில் எங்களுக்கு மேல்மடைக்காரராக இருந்தவரை ஊரில் மேமடை மாமா என்பார்கள். அடுத்த முறை அவருடையது. அவர் மனசு வைத்து விட்டுக் கொடுத்தால் உண்டு.

என் வீட்டுக்காரர் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் எருமை மாமா வயலில் இறங்கி மேய்ந்த விஷயத்தில் இருவருக்கும் வாய்ப்பேச்சு ஆகியிருந்தது. "நீ போ. கொழந்தையக் கூட்டிட்டுப் போ. கொழந்தையோட போனா இல்லைன்னு சொல்லமாட்டாரு" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். சாந்தி பார்த்துவிட்டாள்.

விடிந்ததும் வெறும் வயிற்றோடு கிளம்பினோம். எங்கள் பக்கத்தில் உதவி கேட்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது. முதலில் மாடு கன்று, அப்புறம் மழை, அப்புறம் உறவில் யாருக்கு உடம்புக்கு என்ன. கிளம்பி வாசல் படல் வரைக்கும் வந்து, செருப்பை மாட்டும்போது, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, 'அதுங்க மாமா...' என்று இழுக்க வேண்டும். வழியெல்லாம் சாந்திக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். "தண்ணின்னு வாயே தொறக்கக் கூடாது. சொல்லிக் குடுத்தத மட்டும் சொல்லு."

மாமா மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார். "வா அம்மிணி" என்றார். எருமை விஷயத்தை எடுக்கவில்லை. அவருடைய வீட்டுக்காரி, அத்தை, உள்ளேயிருந்து தட்டு நிறையக் கச்சாயம் கொண்டு வந்தார். அப்போதுதான் எண்ணெயில் சுட்ட வெல்லப் பலகாரம், வாசம் வாசல் வரைக்கும் வந்தது.

"எடுத்துக்க கண்ணு."

"வேண்டாமுங்க, இப்பத்தான் ஆச்சுங்க."

"ஒண்ணே ஒண்ணு."

"வேண்டாமுங்க, இப்பத்தான் ஆச்சுங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை, "அட, எவ்வளவு அடக்கமான புள்ள" என்று சொல்லிவிட்டுத் தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார். மூன்றாம் தரம் கேட்கவே இல்லை. சாந்தியின் கண் தட்டோடு சமையலறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் மாட்டைப் பற்றிப் பேசினேன். எனக்கு மாட்டைப் பற்றி அவ்வளவு தெரியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்தோம். மாமா படல் வரைக்கும் கூட வந்தார். செருப்பை மாட்டினேன். 'அதுங்க மாமா' என்பதற்காக வாயைத் திறக்கிறேன், அவரே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மிணி, உங்க வயலுக்குத் தண்ணி பத்துதா? நாளைக்கும் நாளான்னைக்கும் எம்முறை. எனக்கு இருக்கறது போதும். வேணும்னா நீங்க திருப்பிக்குங்க."

சாமி குறுக்கே வந்து வரம் கேட்கச் சொன்ன மாதிரி. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

"அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க மாமா. இருக்கறதே போதுமுங்க."

சத்தியமாக நான் சொல்லவில்லை. என் நாக்கு சொன்னது. முதல் தரத்துக்கு அதற்கு அதுதான் தெரியும். அவர் இரண்டாம் தரம் கேட்பார் என்று நின்றேன். அவர் என்னைக் கேட்காமல் குனிந்து சாந்தியைக் கேட்டார். "ஏங் கண்ணு, நீ சொல்லு. உங்கொப்பன் வயலுக்குத் தண்ணி வேணுமா?"

அவள் பரீட்சையில் கடைசிக் கேள்விக்கும் விடை தெரிந்த சந்தோஷத்தில், "வேண்டாமுங்க, இப்பத்தான் ஆச்சுங்க" என்றாள்.

"சரி போ. கொழந்தை பொய் சொல்லாது. கீழ்மடைக்காரரு ரெண்டு நாளா கேட்டுட்டு இருக்காரு, அவருக்கே சொல்லிவிடறேன்" என்று மாமா உள்ளே போய்விட்டார்.

நான் வாயைத் திறந்தபடி படலுக்கு வெளியே நின்றேன். மூன்றாம் தரம் இன்னும் பாக்கி இருக்கிறதே என்ற நினைப்பு.

பாதி வழியில் வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சாந்தி பக்கத்தில் வந்து நின்றாள். "நான் சரியாத்தானம்மா சொன்னேன்?" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அதற்காக அவளை அடிக்கவா முடியும்? "நீ சரிதான் கண்ணு. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு" என்றேன். "இனி எப்பிடிச் சொல்லோணும்?" என்றாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

மாமா வீட்டுக்கே திரும்பிப் போனோம். மாமா மறுபடியும் படலுக்கு வந்தார். "என்ன அம்மிணி?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. குடையை வெச்சுட்டுப் போயிட்டனுங்க."

(குடை என் கக்கத்தில் இருந்தது.)

சாந்தி குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இந்த அம்மாவை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அன்றைக்குத் தீர்மானித்திருப்பாள். மாமாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "எங்க வயல் காஞ்சு கெடக்குதுங்க. எங்கப்பா அழுதாருங்க. நாங்க காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலீங்க. எனக்குக் கச்சாயமும் வேணுமுங்க."

எனக்குப் பூமி பிளக்காதா என்று இருந்தது. மாமா என் பக்கம் திரும்பினார். "இதச் சொல்லாம ஒரு மணி நேரம் எம் மாட்டப் பத்திப் பேசுனயா அம்மிணி" என்றார். அவர் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

கீழ்மடைக்காரருக்கு அதற்குள் ஆள் போய்விட்டது. சொன்ன வார்த்தையை முழுக்கத் திருப்ப முடியாது என்று, ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் எங்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். மேல்கண்டம் பிழைத்தது. கீழ்க்கண்டம் பதராகிப்போனது. அந்த வருஷம் பாதி நாள் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் நான் கிழங்கை இன்னொரு தரம் வைக்கப் போனால் கையை இலைக்கு மேல் நீட்டி, "வேண்டாமுங்க, இப்பத்தான் ஆச்சுங்க" என்பார். அவர் இருந்த வரைக்கும் சொன்னார். இப்போது பேரப் பிள்ளைகள் சொல்கின்றன.

சாந்திக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எதையும் மூன்று தரம் கேட்காமல் விடமாட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகவே மாட்டாள்.

போன மாதம் நான் குளியலறையில் விழுந்ததில் இடுப்புப் பிசகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சின்ன வயசு டாக்டர், "வலி இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க."

அவர் சீட்டில் எழுதப் போனார். சாந்தி அவர் பேனா மேல் கையை வைத்தாள். "டாக்டர், எங்கம்மாகிட்ட இன்னும் ரெண்டு தரம் கேக்கோணுமுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேட்டார். "கொஞ்சமா, சும்மா லேசாங்க" என்றேன். சாந்தி கையை எடுக்கவில்லை. அவர் மறுபடியும் கேட்டார்.

நான் சாந்தியின் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள்.

"தாங்க முடியலீங்க டாக்டர்" என்றேன்.