வாசலில் வைக்கோல்

ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் பெரிய பதவி வரைக்கும் வந்துவிட்ட மனிதர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பீட்டர்ஸ்பர்க்கில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. அரண்மனையில் வாய் திறந்தே ஆக வேண்டிய நாள் வந்தால் போதும், இவர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

பிரபு யெவ்கிராஃப் சவ்விச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியுறவு மன்றத்தில் இரண்டாவது நாற்காலி அவருடையது. முதல் நாற்காலியும் அதனோடு வரும் அரசு முத்திரையும் கிடைக்காதா என்று காலமெல்லாம் ஏங்கியவர். ஆனால் போலந்து விவகாரம் வந்தபோது அவருக்கு மூட்டுவலி. சுவீடன்காரர்கள் முறுக்கிக்கொண்டபோது வயிற்றுக் கோளாறு. நோயாளியின் வீட்டு முன்னால் சக்கரங்கள் கடகடக்கக் கூடாதென்று கல் தெருவில் வைக்கோல் பரப்புவது எங்கள் ஊர் வழக்கம். பிரபுவின் வாசலில் வைக்கோல் எவ்வளவு கனம் என்று பார்த்துத்தான் வெளிநாட்டுத் தூதர்கள் தங்கள் நாட்டுக்கு நிலவரம் எழுதினார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் துருக்கியோடு போரா, சமாதானமா என்ற கேள்வி எழுந்தது. பேரரசியின் மனத்தில் என்ன இருக்கிறதென்று ஈ காக்கைக்கும் தெரியவில்லை. வாசலில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் விழுந்தது. பிரபு கழுத்துவரை கம்பளியை இழுத்துக்கொண்டு வேலைக்காரன் தெரெந்தியைக் கூப்பிட்டார்.

"யாராச்சும் வந்தா என்னடா சொல்லுவே?"

"எஜமானுக்கு ஒடம்பு சரியில்லேன்னு சொல்றேனுங்க."

"அது போதாது. கண்ணே தொறக்கலேன்னு சொல்லு."

அன்றைக்கென்று முதல் நாற்காலியில் இருந்த கிழவர் பதவியை உதறிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். பொழுது சாய்வதற்குள் முத்திரை ஒரு கைக்குப் போய்விட வேண்டும் என்பது பேரரசியின் உத்தரவு. முதலில் யெவ்கிராஃப் சவ்விச்சின் கை. அவர் எழுந்து வாங்கும் நிலையில் இல்லையென்றால் மூன்றாவது நாற்காலிக்காரர் ரோடியோன் குஸ்மிச். முத்திரைப் பெட்டியோடு காவற்படை அதிகாரி வந்து இறங்கினார். எத்தனை வண்டி போனாலும் அரண்மனை வண்டியின் சத்தத்தைத் தனியே பிரித்தறிகிற காது பிரபுவுடையது. ஆனால் வைக்கோல் மேல் உருண்ட சக்கரம் எப்படிக் கேட்கும்?

"எஜமான் கண்ணே தொறக்கலீங்க," என்றான் தெரெந்தி. சொன்னது அவனுக்கே பிடித்துப்போகவே, "பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பலாமான்னு அம்மா யோசிக்கிறாங்க," என்று ஒரு பிடி சேர்த்தும் விட்டான்.

"அடடா. எதிர்வீட்டு ரோடியோன் குஸ்மிச் எப்படி இருக்காரு?"

"அவருக்கென்னங்க, வெந்நீர்க் குளியல் முடிச்சுட்டு வெள்ளரி ஊறுகாயைக் கடிச்சிட்டிருக்காரு."

அதிகாரி தெருவைக் கடந்தார். எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ரோடியோன் குஸ்மிச், ஊறுகாய்க் கையைத் துடைத்துக்கொண்டு முத்திரையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை எதிர்வீட்டு வாசலில் வாழ்த்துச் சொல்ல வந்த வண்டிகள் தெருமுனை வரை நின்றன. சேதி தெரிந்ததும் பிரபுவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. இந்த முறை நிஜக் காய்ச்சல். நலம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை. பாவம், எனக்கே மனசு கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் வைக்கோல் போடச் சொல்லட்டுமாங்க?" என்று கேட்டாள் மனைவி கிளாஃபிரா.

"வேணாம்மா. இருக்கிறதையும் அள்ளச் சொல்லு. ஏதாவது வண்டி வந்தா காதுல விழட்டும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் நண்பர்கள் இருவர் சண்டை போட்டுக்கொண்டு, யார் பக்கம் நியாயம் என்று கேட்க வந்தார்களே, அப்போது உங்களுக்குத் தலைவலி வந்ததாமே? எதற்கும் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.